துப்பாக்கி உரிமை: கேமரா திரும்ப வேண்டிய ஊர் வித்துரா

ஆயுதம் ஏந்தித் தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் திட்டமிடும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காதான். 1791ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், 2008லும் 2022லும் அதற்கு உச்ச நீதிமன்றம் தந்த விரிவான விளக்கங்கள், பள்ளிக்கூடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகள் என்று படத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கின்றன. மைக்கேல் மூர் 2002ல் எடுத்த 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' ஆஸ்கர் பரிசையும் பெற்றுவிட்டது. இந்தியாவில் அத்தகைய படம் எடுப்பதானால் எங்கே போவது? உத்தரப் பிரதேசத்துத் திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடும் கூட்டத்தைக் காட்டலாம். சம்பல் பள்ளத்தாக்கைக் காட்டலாம். இரண்டும் பலமுறை காட்டப்பட்டவை. சட்டம், வறுமை, காடு, அரசியல் ஆகிய நான்கும் ஒரே துப்பாக்கிக் குழலில் வந்து சேரும் இடம் வேண்டுமானால், திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி செல்லும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற வித்துராவுக்குத்தான் போகவேண்டும்.

போவதற்கு முன் தில்லியில் சில காகிதங்களைப் புரட்டியாக வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி உரிமை பேசுவோர் தவறாமல் இழுப்பது காந்தியடிகளை. பிரிட்டிஷ் ஆட்சி செய்த தீமைகளுள், ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தை மிகக் கொடியதாக அவர் குறிப்பிட்டது உண்மை. ஆனால், அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1918ல் கேடா மாவட்டத்தில், முதல் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்ட காந்தி வெளியிட்ட துண்டறிக்கையில் இடம்பெற்ற வாசகம் அது. ராணுவத்தில் சேர்ந்தால் ஆயுதப் பயிற்சி கிடைக்கும் என்பது அங்கே வாதம். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

காங்கிரஸ் கட்சி கேட்டது. 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அரசியல் நிர்ணய சபை அதை ஏற்கவில்லை. அடிப்படை உரிமையாக்கினால் திருடர்களும் வழக்கமான குற்றவாளிகளும்கூட அதே உரிமையைக் கோருவார்கள் என்பது அம்பேத்கர் எடுத்துவைத்த காரணங்களுள் ஒன்று. ஆக, இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை அல்ல. ஆயுதச் சட்டத்தின்படி அரசு அளிக்கும் அனுமதி மட்டுமே.

அந்தச் சட்டம் 1959ல் நிறைவேறியது. அதன் 13ஆவது பிரிவைப் படிப்போர் குறைவு. குறைந்தது 20 அங்குல நீளக் குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்டாலும், பயிரைக் காப்பதற்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்டாலும், உரிமம் வழங்கவேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. வழங்கலாம் என்றல்ல, வழங்கவேண்டும் என்று. அதற்கடுத்த 14ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விண்ணப்பதாரருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது. நாடாளுமன்றம் 1959ல் சிறு விவசாயியை மனத்தில் வைத்தே இந்த வரிகளை எழுதியது என்பதில் ஐயமில்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

2016 இறுதியில் மத்திய உள்துறை அமைச்சகம் தொகுத்த கணக்கின்படி நாட்டில் துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம். அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில். தமிழகத்தில் 22,532. கேரளத்தில் வெறும் 9,459. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாநிலத்தில் குவிந்திருப்பதற்குப் பயிர்ப் பாதுகாப்பு காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். தோளில் துப்பாக்கி தொங்குவது அங்கே அந்தஸ்து. மலையோரத்தில் மரவள்ளியும் வாழையும் போட்டு இரவெல்லாம் தகரம் தட்டுகிறவர் கையில் இருப்பதோ டார்ச் விளக்கு.

வித்துராவின் இருப்பிடத்தைப் பார்த்தால் இது விளங்கும். நெடுமங்காடு வட்டத்தில், வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியில், அகத்தியமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊராட்சி அது. ஒரு பக்கம் 1983ல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை வன உயிரினச் சரணாலயம், பரப்பு 53 சதுர கிலோமீட்டர். மலைக்கு அப்பால் நம்முடைய களக்காடு முண்டந்துறை. அகத்தியர்கூடத்துக்கு மலையேறுபவர்கள் புறப்படும் போணக்காடு, தேயிலைத் தொழில் நொடித்துத் தொழிலாளர் கூலியின்றித் தவித்த அதே போணக்காடு, இங்கேதான் உள்ளது. இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகமும் இங்கேதான். நவீன ஆய்வுக்கூடமும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பும் ரப்பர் தோட்டமும் யானைத் தடமும் ஒரே ஊராட்சிக்குள் அடங்கிவிடுகின்றன. காட்டுப்பன்றிக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. மரவள்ளிக் கிழங்கு எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஒரே இரவில் ஒரு கூட்டம் ஓராண்டு உழைப்பை உழுதுவிட்டுப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் தற்காப்பு என்ற சொல் சட்டத்தில் சிக்கிக்கொள்கிறது. படம் எடுப்பவர் நிதானமாக நின்று விளக்கவேண்டிய பகுதியும் இதுவே.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளுக்கு வந்திருக்கும் தற்காப்பு உரிமை, உடலுக்கும் உண்டு, உடைமைக்கும் உண்டு. ஆனால் உடைமையைக் காக்கும் உரிமை, திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் போன்ற குற்றங்களுக்கு எதிரானது. குற்றம் செய்ய மனிதனால்தான் முடியும். காட்டுப்பன்றி அத்துமீறி நுழைந்ததாக எந்த நீதிமன்றமும் கருதாது. விலங்குக்கு எதிரான தற்காப்பு, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் இருக்கிறது. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது அதன் இரண்டாவது உட்பிரிவு. கவனிக்கவேண்டியது, உயிரைக் காக்க மட்டுமே இந்த விலக்கு. பயிரைக் காக்க அல்ல. பயிருக்குச் சேதம் விளைந்தால் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

அதாவது, ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தரச் சொல்கிறது. இன்னொரு சட்டம் அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் சிறைக்கு அனுப்புகிறது. முதல் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது மாவட்ட ஆட்சியர். இரண்டாவதை நடைமுறைப்படுத்துவது வனத்துறை. காணிப் பழங்குடியினரின் நிலை இதைவிட மோசம். காலம் காலமாக வேட்டையாடி வந்தவர்கள், 1972க்குப் பிறகு குற்றவாளிகள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பாரம்பரிய உரிமைகளை எல்லாம் பட்டியலிட்டுவிட்டு, வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. விலக்கியது தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் வேட்டையை விலக்கிய அரசு, காட்டுக்குள் குடியிருப்பவரின் கிழங்குத் தோட்டத்துக்கு என்ன பாதுகாப்புத் தந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கேரள அரசு இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை, கீழே தள்ளிவிட்டது. 2021 ஜூலையில், மனுச் செய்த சில விவசாயிகள் தங்கள் நிலத்தில் காட்டுப்பன்றியை வேட்டையாட உயர் நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது. 2022 மே மாதம் மாநில அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ஊராட்சித் தலைவர்கள், நகராட்சித் தலைவர்கள், மேயர்கள் ஆகியோர் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக நியமிக்கப்பட்டு, பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பெற்றார்கள். சுடுபவர் துப்பாக்கி உரிமம் உள்ளவராக இருக்கவேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. சுட்ட பன்றியை முறைப்படி புதைக்கவேண்டும். ஓராண்டுக்கு என்று தொடங்கிய ஏற்பாடு பிறகு நீட்டிக்கப்பட்டது.

கேட்பதற்கு இது அதிகாரப் பரவல். ஆனால் மாநிலம் முழுவதும் 9,459 உரிமங்களே இருந்த ஒரு மாநிலத்தில், அதுவும் அவற்றில் பெரும் பங்கு காட்டோரத்தில் இருப்பதாகக் கருத இடமில்லாத நிலையில், ஊராட்சித் தலைவரின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சுடத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். மக்களவை, சட்டப்பேரவை, உள்ளாட்சி என்று தேர்தல் ஓயாத மாநிலத்தில் அத்தனை வாரங்களும் பன்றிகளுக்கு நன்னடத்தை விதி பொருந்தாது.

மத்திய அரசின் நிலைப்பாடு என்ன? காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக அறிவிக்கும் அதிகாரம் 62ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டது. சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் திரும்பத் திரும்ப மறுத்தார். தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே போதிய அதிகாரம் இருக்கும்போது தனி அறிவிப்பு எதற்கு என்பது தில்லியின் வாதம். அந்த வாதத்தில் பொருளில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதே மத்திய அரசு, 2015 டிசம்பருக்கும் 2016 மே மாதத்துக்கும் இடையே பிகாரில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும், உத்தராகண்டில் காட்டுப்பன்றியையும், இமாசலப் பிரதேசத்தின் சிம்லாவில் குரங்கையும் தீங்கு விலங்குகளாக அறிவித்தது. அப்போது அதை எதிர்த்து அமைச்சர் மேனகா காந்தியும், ஆதரித்து அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகரும் வெளிப்படையாக மோதிக்கொண்டதை நாடாளுமன்ற வட்டாரம் மறந்திருக்காது. பிகாருக்குப் பொருந்தியது கேரளத்துக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்குத் திருப்தியான பதில் அவையில் இதுவரை வந்ததில்லை.

வித்துரா அடங்கிய ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதியில் 2024ல் காங்கிரஸின் அடூர் பிரகாஷ் வெற்றிபெற்றது 684 வாக்குகள் வித்தியாசத்தில். மார்க்சிஸ்ட் வேட்பாளர் இரண்டாமிடம். மத்திய அமைச்சராக இருந்த பா.ஜ.க.வின் முரளீதரன் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கி மூன்றாமிடம். இப்படிப்பட்ட தொகுதியில் மலையோர விவசாயியின் கோபம் எந்தக் கட்சிக்கும் அற்பமானதல்ல. இந்த வாக்குக் கணக்கைச் சொல்லாமல் படம் எடுத்தால் அது வனவிலங்குப் படமாகிவிடும்.

2019ல் நாடாளுமன்றத்தில் நடந்ததையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆயுதச் சட்டத் திருத்த மசோதா, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை ஒன்றாகக் குறைக்க வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு இறங்கிவந்து, ஒன்றை இரண்டாக்கியது. டிசம்பர் 9ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. அந்த விவாதத்தின் கவலை இரண்டாவது, மூன்றாவது துப்பாக்கியைப் பற்றியதாகவே இருந்தது. முதல் துப்பாக்கியே கிடைக்காத விவசாயி அதில் மையமாகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், குடகு நாட்டுக் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து அளிக்கப்பட்டு வந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகில் துப்பாக்கி மரபு. அகத்தியமலையில் அது குற்றம்.

இதை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் துப்பாக்கி கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு படம் முடிந்தால் அது விபரீதம். 2021 இறுதியில் வயநாட்டில் இரவு நேரத்தில் வயல்வெளியில் ஒருவர் குண்டுக்குப் பலியானார். காட்டுப்பன்றி என்று எண்ணிச் சுட்டுவிட்டதாகக் கைதானவர்கள் கூறினார்கள். இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்து நிலத்துக்காரரா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. வரப்புக்கு வரப்பு வீடு இருக்கும் கேரளத்தில் இந்த அபாயம் மற்ற மாநிலங்களைவிட அதிகம்.

துப்பாக்கி இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை, வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்தது. அந்த ஒரு புகைப்படம் நாட்டையே உலுக்கியது. முதலில் அன்னாசி என்றார்கள். விசாரணையில் தேங்காய் என்று தெரியவந்தது. மேனகா காந்தி மலப்புரம் மாவட்டத்தைக் குற்றம் சாட்டினார், நடந்தது பாலக்காட்டில். படத்தின் வலிமையும் படத்தோடு வரும் அவசரத்தின் ஆபத்தும் ஒருசேர விளங்கிய நேரம் அது. பன்றிக்கு வைத்த வெடி யானையைக் கொன்றது. 2025 ஜூன் மாதம் நிலம்பூர் அருகே பன்றிக்காகச் சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பி பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கொன்றது. இடைத்தேர்தல் நேரமாதலால் அது அன்றிரவே சாலை மறியலாயிற்று. அமைச்சர் ஏ.கே. சசீந்திரன் சம்பவத்தில் அரசியல் சதி இருக்குமோ என்று ஐயம் கிளப்ப, பிள்ளையின் சாவு கட்சிச் சண்டைக்குள் போய்விட்டது.

ஆயுதத் தற்காப்புக்காக வாதிடுவோர் பெண்களின் பாதுகாப்பைச் சொல்லாமல் விடுவதில்லை. அதற்கும் வித்துராவில் கசப்பான பதில் இருக்கிறது. கேரளத்தில் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் முப்பது ஆண்டுகளாகப் பலருக்கும் நினைவுக்கு வருவது பொன்முடி மலையல்ல. 1990களின் நடுவில், வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்ட சிறுமியின் வழக்கு. முதல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 2022ல். தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. எடை 500 கிராம். விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். 21 வயது நிறையாதவருக்கு ஆயுத உரிமமே கிடையாது. வேலை தேடும் ஏழைச் சிறுமிக்கு அந்தத் துப்பாக்கியால் என்ன பயன் என்று கேட்டால், துப்பாக்கி உரிமைச் சங்கத்தாரிடம் பதில் இருக்காது. அவளுக்குத் தேவைப்பட்டது, புகாரை ஏற்று விரைந்து விசாரிக்கும் காவல் நிலையமும் இருபத்தைந்து ஆண்டு இழுத்தடிக்காத நீதிமன்றமும்.

தமிழகம் வேறு வழியில் போயிருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் சுடலாம். சுடுபவர் விவசாயியல்ல, பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர். உயிரைப் பறிக்கும் வேலையையும் அதன் பொறுப்பையும் அரசே வைத்துக்கொள்வது என்ற அளவில் இது கேரள முறையைவிட நேர்மையானது. ஆனால் சேதம் அதிகம் நேரும் முதல் ஒரு கிலோமீட்டரில் இருப்பவர், இங்கும் பழையபடி டார்ச் விளக்கோடுதான் நிற்கிறார்.

2025 அக்டோபர் 8ஆம் தேதி கேரளச் சட்டப்பேரவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மக்கள் வசிக்கும் பகுதியில் புகுந்து ஆளைத் தாக்கிய விலங்கைக் கொல்ல உடனே உத்தரவிடவும், இரண்டாம் பட்டியல் விலங்குகளைத் தீங்கு விலங்குகளாக மாநிலமே அறிவிக்கவும் அது வழி செய்கிறது. 1976ல் 42ஆவது திருத்தம் வன உயிரினப் பாதுகாப்பைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியதால், மத்திய சட்டத்துக்கு முரணான இந்த மசோதா செல்லுபடியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, திரும்பத் திரும்ப மறுத்த அதே அமைச்சகத்தின் மேசைக்கே கோரிக்கை வேறு உறையில் போகிறது. தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில் மசோதா கொண்டுவந்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஆகவே படத்தின் கதை, துப்பாக்கியைவிடக் கோப்பைத்தான் அதிகம் பின்தொடரவேண்டும்: சாஸ்திரி பவன், பரியாவரண் பவன், திருவனந்தபுரம் தலைமைச் செயலகம், நெடுமங்காடு, கடைசியில் வித்துரா ஊராட்சி அலுவலகம். எடுத்து முடித்தாலும் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், கே.ஏ. அப்பாஸ் தமது ஆவணப்படத்துக்காகத் தொடுத்த வழக்கில் 1970லேயே உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையைச் செல்லும் என்று கூறிவிட்டது. விழாவில் காட்டத் தணிக்கை விலக்குக் கேட்கலாம். ஆனால் 2017ல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்கு வந்த மூன்று படங்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த விலக்கை மறுத்த முன்னுதாரணமும் இருக்கிறது. பேப்பாறை சரணாலயத்துக்குள் கேமராவுடன் நுழைவதற்கும் வன உயிரினச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தரவேண்டியவர், பன்றியைச் சுடும் அதிகாரம் ஏற்கெனவே தம்மிடம் இருப்பதாகத் தில்லி சுட்டிக்காட்டும் அதே தலைமை வன உயிரினக் காப்பாளர்.